ஜெப்பர்டி ஆன்லைன் தேர்வு: கொடைக்கானல் வீட்டில் உட்கார்ந்து எழுதிய 50 கேள்விகள்

ஜெப்பர்டி என்ற அமெரிக்க டிவி வினாடி வினா நிகழ்ச்சியில் ஆட வேண்டும் என்றால் முதலில் இணையத்தில் ஒரு தேர்வு எழுத வேண்டும். 50 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 15 நொடி. கூட்டிப் பார்த்தால் மொத்தம் பன்னிரண்டரை நிமிடம்தான் வரும். அந்தப் பன்னிரண்டரை நிமிடத்துக்காக எட்டு மாதம் படித்தேன். விடுமுறைக்குக் கொடைக்கானல் வந்த இடத்தில், நாயுடுபுரத்தில் அப்பா வீட்டு முன்னறையில் உட்கார்ந்து எழுதி முடித்தேன். மூன்று வாரம் ஆகிவிட்டது, இன்னமும் காய்கறி நறுக்கும்போதுகூட ஏதாவது ஒரு கேள்வி நினைவுக்கு வந்து கை நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள் எத்தனையோ பேர் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே இந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறார்கள், டிவியைப் பார்த்துப் பதிலும் சொல்கிறார்கள், ஆனால் நீங்களும் தேர்வு எழுதிப் பாருங்களேன் என்றால் அதெல்லாம் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நிகழ்ச்சியைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஜெப்பர்டி 1964இல் தொடங்கியது, இப்போது ஓடும் வடிவம் 1984இலிருந்து வருகிறது. நம் ஊரில் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி', ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி' எல்லாம் பிரிட்டனில் 1998இல் வந்த நிகழ்ச்சியின் வழி வந்தவை. நாலு விடை திரையில் இருக்கும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், யோசிக்க நேரமும் கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கும். ஜெப்பர்டியில் விடைப் பட்டியலே கிடையாது. அதோடு எல்லாம் தலைகீழ்: அவர்கள் விடையைப் போலத் தகவலைச் சொல்வார்கள், ஆடுகிறவர் அதைக் கேள்வியாகச் சொல்ல வேண்டும். இந்த யோசனையை நிகழ்ச்சியை உருவாக்கிய மெர்வ் கிரிஃபினுக்குக் கொடுத்தவர் அவருடைய மனைவி. 5,280 என்று மனைவி சொல்ல, ஒரு மைலுக்கு எத்தனை அடி என்று கிரிஃபின் கேட்க, அங்கேதான் எல்லாம் ஆரம்பம். ஒரு ஆட்டத்தில் 61 தகவல்கள், மூன்று பேர், கையில் பஸ்ஸர். 2004இல் கென் ஜென்னிங்ஸ் தொடர்ச்சியாக 74 ஆட்டம் ஜெயித்து 25 லட்சம் டாலருக்கு மேல் வாங்கினார். இன்றைக்கு நிகழ்ச்சியை நடத்துகிறவரும் அவரேதான்.

முன்பெல்லாம் தேர்வு எழுதுவதற்கு அவர்கள் முகாம் போடும் ஊருக்கு நேரில் போக வேண்டியிருந்தது. 2006இல் இணையத் தேர்வு வந்தது. அதுவும் குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட நேரத்தில்தான் நடக்கும், அமெரிக்க இரவு நேரம் நம் ஊரில் விடியற்காலை. 2020இலிருந்து நமக்கு வசதியான நாளில், வசதியான நேரத்தில் எழுதிக்கொள்ளலாம். கட்டணம் எதுவும் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவைதான் எழுத முடியும், 18 வயது ஆகியிருக்க வேண்டும். நான் நியூஜெர்சியில் குடியிருப்பவள், அந்த முகவரியைத்தான் பதிவில் கொடுத்தேன்.

தேர்வில் எனக்குப் பிடித்ததை முதலில் சொல்கிறேன். 'வாட் இஸ்', 'ஹூ இஸ்' என்று கேள்வியாக எழுத வேண்டாம், வெறும் விடையைத் தட்டினால் போதும். ஆள் பெயர் என்றால் குடும்பப் பெயர் மட்டும் போதும். எல்லாவற்றையும்விட முக்கியம், எழுத்துப்பிழையைப் பார்ப்பதில்லை. என்ன சொல்ல வருகிறோம் என்று அவர்களுக்குப் புரிந்தால் சரி. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தைக் காதால் பிடித்துக்கொண்ட என் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும். பிரெஞ்சு ஓவியர் பெயரில் கடைசியில் எத்தனை ஊமை எழுத்து இருக்கிறது என்று யோசிக்க 15 நொடியில் இடம் ஏது? காதில் விழுந்தபடி தட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஆனால் அந்த 15 நொடிதான் தேர்வின் உயிரே. கேள்வியைப் படித்து முடிக்கவே ஐந்தாறு நொடி போய்விடும், தட்டுவதற்கு மூன்று நாலு நொடி, நடுவில் யோசிக்கக் கிடைப்பது ஐந்து நொடிதான். அந்த ஐந்து நொடியில் நமக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. அதைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் பத்தாவது வரை தமிழ்வழியில் படித்தேன், ஞாயிறு பள்ளியில் வேதாகமம் முழுவதும் தமிழில்தான். எனக்குள் இருக்கிற அறிவில் பாதி தமிழ்ப் பெயரோடுதான் உட்கார்ந்திருக்கிறது. தேர்வில் வந்த கேள்விகளை வெளியே சொல்வது சரியில்லை, சொல்லவும் மாட்டேன். அதே பாணியில் நானும் அப்பாவும் பயிற்சிக்காக எழுதிக்கொண்ட கேள்விகளைத்தான் இங்கே தருகிறேன். 'பழைய ஏற்பாட்டின் இந்தப் புத்தகத்தின் பெயருக்குக் கிரேக்கத்தில் இரண்டாம் சட்டம் என்று பொருள்.' எனக்கு உடனே உபாகமம் என்று வந்துவிட்டது. பத்து வயதில் ஐந்து ஆகமங்களையும் ஒரே மூச்சில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். ஆனால் தட்ட வேண்டியது டியூட்டரோனமி. அது வருவதற்குள் மணி அடித்துவிட்டது. பிரசங்கி என்றால் எக்ளீசியாஸ்டிஸ், புலம்பல் என்றால் லேமன்டேஷன்ஸ், இதெல்லாம் படித்தால் வந்துவிடும். யாக்கோபில்தான் நிஜமான சிக்கல். நம் வேதத்தில் ஈசாக்கின் மகனும் யாக்கோபு, இயேசுவின் சீடரும் யாக்கோபு. ஆங்கிலத்தில் முன்னவர் ஜேக்கப், பின்னவர் ஜேம்ஸ். மூலப் பெயர் ஒன்றுதான், தமிழ் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, ஆங்கிலம் இரண்டாக்கிவிட்டது. தெரிந்துகொள்ள அருமையான விஷயம், ஆனால் 15 நொடிக்குள் அதைப் பிரித்து எடுக்க வேண்டும்.

வேதத்தோடு நிற்கவில்லை. வெள்ளீயம், காரீயம், துத்தநாகம் மூன்றும் எனக்குத் தமிழில் தெளிவாகத் தெரியும், ஆங்கிலத்தில் டின்னும் லெட்டும் ஜிங்க்கும் ஒரு கணம் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். பாதரசமும் புதன் கிரகமும் ஆங்கிலத்தில் ஒரே சொல். எங்கள் வீட்டுக் கொல்லையில் காய்க்கிற மரத்தக்காளியைச் சின்ன வயதிலிருந்து சட்னி அரைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். அதற்கு டாமரில்லோ என்று ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயரை 1967இல் நியூசிலாந்துக்காரர்கள் வைத்தார்கள் என்பதெல்லாம் இந்தத் தேர்வுக்குப் படிக்கும்போதுதான் தெரிய வந்தது.

இன்னும் ஒன்று, கொடைக்கானல்காரர்கள் எல்லோருக்கும் இது நடக்கும். ஊருக்குள் சாதாரணமாக நடந்து வருகிற காட்டுமாட்டை இங்கே எல்லோரும் பைசன் என்றுதான் சொல்வார்கள், டாக்சிக்காரர்கள், கைடுகள் உட்பட. ஆனால் ஆங்கிலத்தில் அதன் சரியான பெயர் கவுர். பைசன் வேறு, அது 2016இலிருந்து அமெரிக்காவின் தேசியப் பாலூட்டி. நாற்பது வருடம் பார்த்துப் பழகிய மிருகத்தின் பெயரையே தப்பாகத் தட்டிவிடுவேன் என்று தெரிந்தபோதுதான் எப்படிப் படிக்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது.

அந்த யோசனை அப்பாவுடையது. அவர் இங்கே ஒரு பள்ளியில் நூலக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கொடைக்கானலுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள தொடர்பு பழையது. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மலையேறி 1845இல் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள், ஏரியே அதற்கப்புறம் 1863இல்தான் வந்தது. ஊரை விட்டுப் போகிற வெளிநாட்டுக் குடும்பங்கள் விட்டுச்செல்லும் பழைய பத்திரிகைகள், ஆண்டுமலர்கள், வினாவிடைப் புத்தகங்கள் எல்லாம் அப்பா மூலமாக எங்கள் வீட்டுப் பரணுக்கு வந்து சேர்ந்தன. ஜெப்பர்டி என்ற பெயரையே நான் முதலில் பார்த்தது அந்தப் புத்தகக் கட்டுக்குள்தான். டிவியில் பார்ப்பதற்குப் பல வருடம் முன்பு.

நான் நியூஜெர்சியிலிருந்து போனில், தெரிந்த விடை ஆங்கிலத்தில் வர மாட்டேன் என்கிறது என்று சொன்னதும் அப்பா, "படிச்சது போதும் பாப்பா, உனக்குத் தெரிஞ்சதுக்கு இன்னொரு பேர் மட்டும் எழுதி வச்சுக்க" என்றார். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு, இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம். அவர் எழுதி, தம்பி படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புவான். பூக்கள், பறவைகள், கிரகங்கள், தனிமங்கள், ஆகமங்கள், உடல் உறுப்புகள், மசாலாப் பொருட்கள். ஜாதிக்காய் வேறு, ஜாதிபத்திரி வேறு, இரண்டும் ஒரே பழத்திலிருந்து வருபவை, ஆங்கிலத்தில் நட்மெக், மேஸ். இப்படி முந்நூறு தாளுக்கு மேல் சேர்ந்தது. தேர்வில் எனக்குச் சரியாக வந்ததில் நிறைய இந்தத் தாள்களால் வந்ததுதான் என்று உறுதியாகச் சொல்வேன். தமிழ்வழியில் படித்து யாராவது இதை எழுதப் போகிறீர்கள் என்றால், நூறு புதுப் புத்தகம் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

அந்தத் தாள்களில் ஊர்க் கேள்விகளும் உண்டு, அப்பாவுக்கு அதில்தான் ஆசை. '1909இல் கொடைக்கானல் ஆய்வகத்தில், சூரியப் புள்ளியில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தவர்.' எவர்ஷெட். '1882இல் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதி மாட்டப்பட்ட மேசை விளையாட்டு.' ஸ்னூக்கர். 'கடைசியாக 2018இல் பூத்த, 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் மலைப்பூ.' இதற்கு மட்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பெயர், குறிஞ்சி. ஸ்னூக்கர் மாதிரி ஒன்று என்றைக்காவது அந்த நிகழ்ச்சியில் வராமல் போகாது என்று அப்பா நம்புகிறார். நானும்தான்.

சரி, எழுதிய நாளுக்கு வருகிறேன். காலை பதினொரு மணிக்கு உட்காருவதாக இருந்தேன், ஆனால் வீட்டு இணைய இணைப்பு அன்றைக்கென்று காலையிலேயே போய்விட்டது. போன் செய்தால் மரம் விழுந்து கேபிள் அறுந்திருக்கிறது, சாயங்காலத்துக்குள் வரும் என்றார்கள். சாயங்காலம்வரை பொறுத்தேன், வரவில்லை. போன் டேட்டாவை ஹாட்ஸ்பாட் போட்டு, ஜன்னல் பக்கம் மேசையை இழுத்துப் போட்டு நாலரை மணிக்கு ஆரம்பித்தேன். மேக மூட்டம் வீட்டு வாசல்வரை வந்துவிட்டது, ஐந்தடி தள்ளி இருக்கிற பேரி மரம் தெரியவில்லை. விரல் விறைத்துப்போனால் வேகமாகத் தட்ட முடியாது என்று முன்னாடியே பயிற்சியில் தெரிந்திருந்ததால் அம்மா சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள், டம்ளரை இரண்டு கையாலும் பத்து நிமிடம் பிடித்துக்கொண்டு சூடேற்றிவிட்டுத்தான் கணினியைத் தொட்டேன். மலையில் இருந்து எழுதுகிறவர்கள் இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம்.

முதல் பத்துக் கேள்வி ஓடியே போய்விட்டது. 50 கேள்வியும் 50 வெவ்வேறு தலைப்பு, அதனால் ஒரு துறையில் மனம் ஊன்றுவதற்குள் அடுத்தது வந்துவிடும். நதி, உடனே ஒரு கவிஞர், உடனே ஒரு வேதிப்பொருள், உடனே சொல்விளையாட்டு. தெரியாததைப் பற்றி வருத்தப்பட்டால் அடுத்ததும் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே போனேன். இருபதைத் தாண்டியபோது வெளியே, "மாடு வருது, மாடு வருது, கேட்டைச் சாத்துங்க!" என்று பக்கத்து வீட்டு அண்ணன் குரல். பெரிய காட்டுமாடு ஒன்று மூட்டத்துக்குள் இருந்து எங்கள் வேலி ஓரமாக வந்துவிட்டது, அம்மா வேறு கொடியில் துணி எடுக்க வெளியே போயிருந்தார்கள். எழுந்து எட்டிப் பார்த்தேன், அம்மா கதவுக்குள் வந்துவிட்டதைப் பார்த்தபின்தான் உட்கார்ந்தேன். அதற்குள் இரண்டு கேள்வி காலியாகவே போயிருந்தது. நேரத்தை நிறுத்தி வைக்க எந்த வழியும் கிடையாது. அந்த இரண்டு கேள்விக்காக எனக்கு வருத்தமில்லை.

அப்புறம் ஒரு மாதிரி நிதானம் வந்தது. வேதாகமத் தலைப்பில் ஒன்று வந்தபோது தமிழ்ப் பெயரும் ஆங்கிலப் பெயரும் பக்கத்துப் பக்கத்தில், அப்பா கையெழுத்திலேயே கண்முன் வந்தன. தட்டி முடித்து இன்னும் ஆறு நொடி மீதி இருந்தது. எட்டு மாதத்தில் எனக்கு அதைவிடச் சந்தோஷமான ஆறு நொடி இல்லை.

கடைசிக் கேள்வி முடிந்ததும் நன்றி என்று ஒரு பக்கம் வருகிறது, அவ்வளவுதான். மதிப்பெண் சொல்ல மாட்டார்கள். எது சரி, எது தப்பு, தேறினோமா இல்லையா, எதுவும் இல்லை. எனக்கு இந்தத் தேர்வின் மேல் இருக்கிற பெரிய குறை இதுதான். ஒரு வருடம் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும் என்கிறபோது, எங்கே பலவீனம் என்று தெரியாமல் எப்படித் தயாராவது? கேள்விகள் வெளியே போகக் கூடாது என்ற அவர்கள் கவலை நியாயம்தான், ஆனால் மொத்த எண்ணிக்கையை மட்டுமாவது சொல்லலாம். 35 சரியாக இருந்தால் தேர்ச்சி என்று எழுதியவர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு, நிகழ்ச்சிக்காரர்கள் அதை உறுதி செய்ததில்லை. நான் பக்கத்தில் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன்: உறுதியாகத் தெரிந்தது 33, ஊகம் 7, விட்டது 10. ஊகத்தில் இரண்டு சரியாக இருந்தாலும் அந்த 35ஐத் தொடுகிறேன்.

விட்ட பத்தில் இரண்டு காட்டுமாட்டுக்குப் போனது. மீதி எட்டும் பெரும்பாலும் பேஸ்பால், அவர்களுடைய பழைய டிவி தொடர்கள், பிராட்வே இசை நாடகங்கள், மதுக் கலவைகளின் பெயர்கள். அங்கே வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் காற்றில் வந்து ஒட்டிக்கொண்டது, நமக்குப் படித்துத்தான் வர வேண்டும். இது அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன், அது அவர்கள் ஊர் நிகழ்ச்சி. ஆனால் புவியியல், அறிவியல், உலக வரலாறு, ஷேக்ஸ்பியர், வேதாகமம் என்று நம் பள்ளிப் படிப்பு தாங்கக்கூடிய தலைப்புகளும் தாராளமாக இருக்கின்றன. அமெரிக்க ஜனாதிபதிகள் வரிசை, 50 மாநிலத் தலைநகரங்கள் இரண்டையும் மட்டும் மனப்பாடமே செய்துவிடுங்கள். நான் செய்தேன், வீண் போகவில்லை.

இதற்கு மேலே என்ன என்பதையும் தெரிந்துகொண்டு உட்காருங்கள். இதில் தேறினாலும் எல்லோரையும் கூப்பிடுவதில்லை, தேறியவர்களில் சிலரைத்தான் அடுத்த கட்டத்துக்கு அழைப்பார்கள். அங்கே ஜூம் வழியாக, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொரு 50 கேள்வி. அதையும் தாண்டினால் மாதிரி ஆட்டம் ஒன்று நடக்கும், பஸ்ஸருக்குப் பதிலாகப் பேனாவை டிக் டிக் என்று அமுக்க வேண்டும், பேச்சும் முகமும் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். அதற்குப் பிறகும் அழைப்பு வந்தால்தான் உண்டு. கலிஃபோர்னியாவில் படப்பிடிப்புக்குப் போய்வரும் செலவு முதல் தடவை நம்முடையது. தோற்றால் இரண்டாவதாக வருபவருக்கு 3,000 டாலர், மூன்றாவதுக்கு 2,000. டிக்கெட்டும் அறையும் போக ஏதோ மிஞ்சும். பணத்துக்காக மட்டும் எழுதுகிறவர்களுக்கு இது சரிவராது.

5க்கு 4 கொடுப்பேன். மதிப்பெண் சொல்லாததற்கு ஒன்று குறைத்துவிட்டேன். இணையதளத்தில் பயிற்சித் தேர்வு வைத்திருக்கிறார்கள், அதை முதலில் இரண்டு மூன்று தடவை எழுதிவிட்டு உண்மையானதற்குப் போங்கள். போனில் எழுதாதீர்கள், விசைப்பலகை உள்ள கணினிதான் நல்லது. மின்சாரம் போகாத நேரம் பாருங்கள், இணைப்பு இரண்டு வழியில் இருக்கட்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பதினைந்து நிமிடம் யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தேர்வு முடிந்து நான் வெளியே வந்தபோது அப்பா திண்ணையில் டார்ச்சோடு நின்று மாடு போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை, "எங்கெங்க பேர் வரல?" என்றுதான் கேட்டார். சொன்னேன். மறுநாள் காலையில் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கோடு போட்டுப் பேஸ்பாலை ஆரம்பித்துவிட்டார். வலது பக்கம் முழுக்க நிரம்பிவிட்டது. இடது பக்கம் எழுத ஒன்றும் இல்லாததால், அந்த இடத்தில் ஆட்டக்களத்தைப் படமாக வரைந்து வைத்திருக்கிறார்.